விசிட்டர் பாய் எழுந்து போகாத பிற்பகல்

கையில் ஓர் அலுமினியத் தட்டை வைத்துக்கொண்டு, மதியச் சோற்றுக்கு நின்ற கைதிகளின் வரிசையில் கடைசி ஆளாக அவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளைக் கைலி, தலையில் வலைத்தொப்பி. யாரோ புதுக் கைதி போலிருக்கிறது, பார்த்தால் நல்ல குடும்பத்து மனிதராகத் தெரிகிறாரே, என்ன வழக்கில் மாட்டினாரோ என்று நான் மனசுக்குள் பரிதாபப்பட்டேன். அப்புறம்தான் அவருக்குப் பின்னால் எங்கள் ஆபீசர் ஒரு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, உட்காருங்கள் உட்காருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கைதிக்கு ஆபீசர் நாற்காலி தூக்கி நான் பார்த்ததில்லை. வரிசை நகர்ந்தது. அவர் தட்டை நீட்டிச் சோறும் குழம்பும் வாங்கினார். முற்றத்தில் கைதிகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பாதிச் சாப்பாட்டில் பக்கத்திலிருந்த கோழித் திருடனிடம், தினமும் குழம்பு இப்படித்தான் இருக்குமா, இதைவிடத் தண்ணியாக இருக்குமா என்று கேட்டார். அவன் ஆபீசரைப் பார்த்தான். ஆபீசர் தன் கையிலிருந்த நாற்காலியைப் பார்த்தார்.

எங்கள் கிளைச் சிறை பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் ஏதோ ஓர் ஊரில் இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். அங்கே என்னோடு வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து தருகிறார்கள். அப்போது இந்தப் பக்கமெல்லாம் திருச்சி மாவட்டம். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், எழுபதுகளின் பின்பாதியில் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளோடு நின்ற எனக்குக் கிடைத்தது பெண் வார்டர் வேலை. நிரந்தர வேலை இல்லை. பெண் கைதி யாராவது வந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அவள் இருக்கும்வரை பகலும் இரவும் அவளுக்குக் காவலாக நானும் உள்ளேயே இருக்க வேண்டும். அவள் போனால் நானும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். எந்தப் பெண்ணும் ஜெயிலுக்கு வரக்கூடாது என்று பெரிய மனசோடு நினைக்க எனக்கு அப்போது வசதியில்லை. யாராவது வரமாட்டாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாமல் விடுவதும் ஆபீசர் கையில். ஆகவே ஆபீசர் தும்மினால் எனக்குச் சளி பிடிக்கும்.

சிறையை வெளியாள் ஒருவர் வந்து பார்த்து எழுத வேண்டும் என்று அரசாங்கத்தில் ஒரு விதி உண்டு. அதற்காக ஊரில் மதிப்பான ஒருவரைப் பார்வையாளராகக் கலெக்டர் நியமிப்பார். சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது. வரலாம், பார்க்கலாம், கைதிகளிடம் பேசலாம், பார்த்ததைப் பக்க எண் போட்ட ஒரு தடித்த புத்தகத்தில் எழுதலாம். எழுதியதன் நகல், ஆபீசரின் பதிலோடு திருச்சியில் உள்ள மேலதிகாரிகளுக்குப் போகும். அவ்வளவுதான். இவருக்கு முன்னால் வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் ஆபீசர் அறையில் உட்கார்ந்து, மிக்சரும் டீயும் சாப்பிட்டுவிட்டு, "சிறை சுத்தமாக உள்ளது, கைதிகளுக்குக் குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வாக்கியம் பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதியதுபோலப் பக்கம் பக்கமாக இருக்கும். ஒருவர் அதை எழுதிய நாளில் கழிவறைக் கதவு கழன்று முற்றத்தில் கிடந்தது. அதைத் தாண்டித்தான் அவர் வெளியே போனார்.

இவர் லப்பைக்குடிகாட்டுக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தம்பிகள் எல்லாம் துபாய், மஸ்கட் என்று போய்விட, இவர் மட்டும் ஊரிலேயே நிலக்கடலை, மிளகாய் மண்டி வைத்திருந்தார். நாங்கள் அவரை விசிட்டர் பாய் என்றே சொல்வோம். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். மாசத்தில் இரண்டு தடவை வருவார். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் ஆபீசர் அறைக்குப் போகமாட்டார். நேராகத் தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து பார்ப்பார். போர்வைகளைத் தொட்டுப் பார்ப்பார். கைதிகளைத் தலை எண்ணுவார், பிறகு போர்வைகளை எண்ணுவார். அவர் முதன்முதலில் எழுதிய குறிப்பே ஒரு வரிதான்: "ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஏழு போர்வை இருக்கிறது." ஆபீசருக்கு அதைப் படித்ததும் முகம் சுருங்கிவிட்டது. திட்டி எழுதியிருந்தால்கூட பதில் சொல்லியிருக்கலாம். ஒன்பதும் ஏழும் என்றால் என்ன பதில் சொல்வது?

அவருடைய இன்னொரு வழக்கத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடமாட்டார். எல்லோரையும் முற்றத்தில் உட்காரவைத்து, ஆபீசரையும் வார்டர்களையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, எழுதியதைச் சத்தமாக வாசிப்பார். "இதுல பொய் ஏதும் இருந்தா சொல்லிப்புடுங்க" என்பார். ஒரு தடவை, கழிவறையை நாளைக்கு ஒரு வேளைதான் கழுவுகிறார்கள் என்று எழுதியிருந்தார். பஸ் ஸ்டாண்டு பிக்பாக்கெட் ஒருவன் எழுந்து, இரண்டு வேளை கழுவுகிறார்கள், உள்ளதை எழுதுங்கள் என்றான். பாய் உடனே அந்த வரியை அடித்து, திருத்தி, அவனுக்கு நன்றி சொன்னார். எங்கள் ஆபீசருக்கு அன்றைக்கு ஒரே குழப்பம். இந்த மனிதர் நமக்கு வேண்டாதவரா, வேண்டியவரா என்று ராத்திரி முழுக்க யோசித்திருப்பார். எனக்கும் அப்போது புரியவில்லை. அவர் யாருக்கும் வேண்டியவராக இருக்க வரவில்லை என்பது இப்போது தெரிகிறது. அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பெண்கள் அறைக்குள் அவர் வரமாட்டார். வாசலுக்கு ஓரமாக ஒரு முக்காலியைப் போட்டு, முகத்தை முற்றத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவார். கேட்க வேண்டியதை என்னிடம் கேட்பார். நான் வாசற்படியில் நின்று உள்ளே கேட்டு, பதிலை அவரிடம் சொல்வேன். பெண்பிள்ளைகள் கூச்சமில்லாமல் இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஏற்பாட்டில், உள்ளே இருப்பவள் சொல்வது முழுக்க என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாசம். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு அந்த வெயிலில் வந்திருந்தது. பாடாலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைக் கள்ளச்சாராய வழக்கில் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். காய்ச்சியவன் புருஷன். போலீசைக் கண்டதும் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டான். பானை பக்கத்தில் நின்றவள் மாட்டிக்கொண்டாள். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை. வந்த அன்று சாயங்காலமே அவளுடைய ரவிக்கை நெஞ்சுப்பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டேன். நாலு மாசக் கைக்குழந்தை, ஆண்பிள்ளை, நாத்தனார் வீட்டில் கிடக்கிறது என்று அழுதாள். பிடிக்க வந்தவர்கள் பிள்ளையை எடுக்க விடவில்லையாம். கூட அனுப்பிய சீட்டில், உடன் வந்த குழந்தை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. உடன் வராததால் இல்லை. அவர்கள் கணக்கு அப்படி.

ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. காலில் வாதம், வீட்டில் மூன்று பெண்கள், ஓய்வு பெற இரண்டு வருஷம். சீட்டில் இல்லாத குழந்தையை நாம் கொண்டுவந்தால் அது எங்கே இருந்தது, யார் விட்டது என்று மேலே கேள்வி வரும், குழந்தைக்குப் பாலுக்கு உத்தரவு வாங்க வேண்டும், போலீஸ்காரர்களோடு மனஸ்தாபம், இன்றைக்கோ நாளைக்கோ அவளுக்கு ஜாமீன் ஆகிவிடும், நீ பேசாமல் இரு என்றார். நான் பேசாமல் இருந்தேன். ஆனால் அவள் பேசாமல் இருக்க முடியவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, காய்ச்சல் கண்டு, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் துடித்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டில் பூக்காரியிடம் உதிரி மல்லிகை வாங்கிவந்து, கசக்கி, துணியில் வைத்து அவள் நெஞ்சில் இறுக்கிக் கட்டினேன். பிள்ளை செத்துப்போன தாய்க்குப் பால் வற்ற எங்கள் பக்கத்தில் செய்வது அதுதான். பிள்ளை உயிரோடு இருக்கிறதே என்று ஒரு கணம் கை நின்றது. அவள் முனகுவதைக் கேட்க முடியாமல் கட்டிவிட்டேன். அப்படி நாலு நாள், தினமும் புதுப் பூ.

ஐந்தாம் நாள் மத்தியானம் விசிட்டர் பாய் வந்தார். நோன்பு நாளில் அவர் சோற்றை வாயில் வைக்கமாட்டார் என்பதால் ஆபீசர் கொஞ்சம் தெம்பாக இருந்தார். அது தப்புக்கணக்கு. மண்டிக்காரர் மூக்கு அது. கடலை மூட்டையின் வாயைப் பிரிக்காமலே உள்ளே ஈரம் தட்டியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நோன்பு நாளில் சோற்றுப் பருக்கையை விரலில் எடுத்து முகர்ந்தே, பழைய அரிசி, பூச்சி விழுந்தது என்று எழுதிவிடுவார். அன்றைக்கும் எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டு, பெண்கள் அறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆபீசர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பாய் என்னிடம், உள்ளே இருக்கிற தங்கச்சிக்குச் சாப்பாடு, துணி, உடம்பு எல்லாம் எப்படி, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். ஆபீசர் லேசாகத் தொண்டையைக் கனைத்தார். நான் உள்ளே திரும்பிக் கேட்கக்கூட இல்லை.

"குறை ஒண்ணும் இல்லைங்களாம்" என்றேன்.

இத்தனை வருஷமாகியும் அந்த 'இல்லைங்களாம்' என் காதில் சுடுகிறது. பொய்யை நேராகச் சொல்லும் தைரியம்கூட எனக்கு இல்லை. அதை அவள் தலையில் கட்டிச் சொன்னேன். பாய் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். பிறகு எழுதாமல் நிமிர்ந்தார். மல்லிகை வாசம் வருகிறதே, எங்கிருந்து என்று கேட்டார். ஆபீசர் சட்டென்று, வார்டரம்மா தலையில் வைத்திருக்கும் என்றார்.

ஆபீசர் அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். என் தலையில் பூ ஏறி ஆறு வருஷமாகியிருந்தது. என் நெற்றியில் பொட்டில்லாததை அந்தச் சிறையில் எல்லோரும் தினமும் பார்த்தவர்கள்தான். சொன்ன பிறகு ஆபீசருக்கே நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. பாய் அன்றுவரை என் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு ஒரே ஒரு தடவை என் வெறுந்தலையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க வூட்டுலயும் ஒரு தடவ இந்தப் பூ வாங்கிக் கட்டியிருக்கோம்மா. மூணாவது புள்ள தங்கல." அறைப் பக்கம் தலையை அசைத்து, "இந்தப் புள்ள இருக்கா, போயிடுச்சா?" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இருக்கிறது, நாலு மாசம், பாடாலூருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டில் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உள்ளே அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. ஆபீசர் பாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தே விட்டார். எழுதவேண்டாம், ஓய்வு பெறும் நேரத்தில் என் பெயர் கெட்டுவிடும், நாளைக்கே குழந்தையைக் கொண்டுவர ஏற்பாடு செய்கிறேன், என்னை நம்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். பாய் கோபப்படவே இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னிக்கே கொண்டாந்துடுங்க சார். வந்த மணியையும் சேத்து எழுதிட்டுப் போறேன். அதுவரைக்கும் இங்கனயே இருக்கேன்" என்றார்.

எழுத ஆரம்பித்தார். வந்த நேரம், பார்த்தது எல்லாம் எழுதி, குழந்தை வந்த மணிக்கு மட்டும் ஒரு வரியளவு இடம் விட்டு, புத்தகத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரையும் அனுப்பும் அதிகாரம் இல்லை, யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. உட்கார்ந்திருக்கலாம் என்பது மட்டும்தான் அவருக்கு இருந்தது. ஆறு மணிக்குத் தலை எண்ணி அறைகளைப் பூட்டிவிட்டால் காலைவரை யாருக்கும் திறக்க மாட்டோம். அதற்குள் குழந்தை வர வேண்டும். ஆபீசர் ஒரு போலீஸ்காரரைப் பிடித்தார். கைக்குழந்தையைத் தூக்கிவர ஒரு பொம்பளை வேண்டுமே என்று என்னையும் அனுப்பினார். அவளுக்குக் காவலாக ஆபீசர் தன் மனைவியையே வீட்டிலிருந்து வரவழைத்து உட்காரவைத்தார் என்றால் அவருடைய பயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போய்ப் பாடாலூரில் இறங்கி, கருவேலங்காட்டு வழியாக இரண்டு மைல் நடந்தோம். நாத்தனார்காரி காக்கிச் சட்டையைக் கண்டதும் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைச் சாத்தப் போனாள். "புள்ளையையும் ஜெயில்ல போடப் போறீங்களா?" என்று கேட்டாள். போலீஸ்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நான் வாசலில் உட்கார்ந்தேன். தாயிடம் பால் குடிக்கத்தான் கொண்டுபோகிறேன் என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். கஞ்சித் தண்ணியும் ஆட்டுப்பாலும் கலந்து துணித்திரியில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம், மூன்று நாளாகப் பிள்ளைக்கு வயிற்றாலே போகிறதாம். வாங்கிப் பார்த்தேன். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. தோளில் போட்டால் துணி போட்ட மாதிரி கிடந்தது, அழவில்லை. அழாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது எவ்வளவு பயம் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். ரோட்டுக்கு வந்தால் பஸ் போய்விட்டிருந்தது. போலீஸ்காரர் நடுரோட்டில் நின்று சிமெண்ட் ஏற்றிவந்த ஒரு லாரியை மறித்தார். டிரைவர் என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர். வழியெல்லாம் நான் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்து வைத்து மூச்சுப் பார்த்துக்கொண்டே வந்தேன். டிரைவர் எங்கள் ஊர் வரைக்கும் கொண்டுவந்து சிறை வாசலிலேயே இறக்கிவிட்டார்.

உள்ளே நுழையும்போது மணி ஐந்தே முக்கால். பாய் அதே முக்காலியில் இருந்தார். நோன்பு வாயில் உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, விட்டிருந்த இடத்தில் மணியை எழுதினார். நான் உள்ளே போய்ப் பிள்ளையை அவள் மடியில் வைத்தேன். அவள் பூக்கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு மார்பில் போட்டுக்கொண்டாள். பிள்ளை மணத்தைக் கண்டதும் வாயைத் திறந்து பற்றியது, சப்பியது, விட்டது, மறுபடி பற்றியது. பிறகு, நான் தூக்கியதிலிருந்து முதன்முறையாக அழுதது. பால் இல்லை. நான் கட்டிய பூ தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஆபீசரின் மனைவி தன் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பசும்பால் காய்ச்சி எடுத்துவந்தார். பாலாடையில் அதைப் புகட்டினோம். அரைப் பாலாடை இறங்கியது.

தலை எண்ணுவதற்காக எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாய் மீதியையும் எழுதி முடித்து, எழுந்து நின்று வாசித்தார். பெண் கைதிக்கு நாலு மாதக் கைக்குழந்தை இருப்பது சீட்டில் எழுதப்படவில்லை, ஆபீசருக்குத் தெரிந்தும் ஐந்து நாள் தாயும் பிள்ளையும் பிரிந்திருந்தார்கள், நான் கேட்டபோது பெண் வார்டர் குறை இல்லை என்று சொன்னார், அது சரியல்ல, பிறகு அவரே போய்க் குழந்தையைக் கொண்டுவந்தார், தாய்க்குப் பால் வற்றியிருக்கிறது, குழந்தைக்கு நாளும் பசும்பால் தர வேண்டும், காலையில் இருவரையும் டாக்டர் பார்க்க வேண்டும். முடித்துவிட்டு, பொய் ஏதும் இருக்கிறதா என்று வழக்கம்போல் கேட்டார். முதலில் ஆபீசரிடம் கேட்டார். ஆபீசர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு ஆண் கைதிகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வரியால் என் வேலை போகும் என்று எனக்குத் தெரியும்.

"பொய் இல்லைங்க. ஒண்ணு விட்டுப்போச்சு" என்றேன். "பூ கட்டுனது நான். அதனாலதான் பால் வத்திப்போச்சு. அதையும் எழுதுங்க."

"ஏம்மா கட்டுனீங்க?"

"வலி தாங்காம அழுவுதுங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

அவர் மறுபடி உட்கார்ந்து எழுதினார். பூ கட்டியதை நானே எழுதச் சொன்னதாக எழுதினார், வலி தாங்காமல் அழுததையும் எழுதினார், வேறு வழி தெரியாததையும் எழுதினார். மூன்றையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எங்களைப் போன்றவர்கள் செய்ததை எழுதுகிறவர்கள் உண்டு. ஏன் செய்தோம் என்று கேட்டு அதையும் பக்கத்திலேயே எழுதுகிறவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அறைகளைப் பூட்டி, பொழுது இறங்கியதும், சிறைப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே நின்று அதைக் குடித்து நோன்பைத் திறந்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

நகல் திருச்சிக்குப் போனது. ஆபீசரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் எப்படியோ சமாளித்து ஓய்வு பெற்றார். எனக்கு, அந்தப் பெண் விடுதலையான பிறகு எட்டு மாசம் யாரும் ஆள் விடவில்லை. அடுத்து வந்த பெண் கைதிகளுக்கு வேறு ஓர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அந்த எட்டு மாசமும் களையெடுக்கப் போய்க்கொண்டே பாயை மனசாரத் திட்டினேன். அந்த ஒரு வரியை விட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று களைக்கொத்தை மண்ணில் ஓங்கிப் போடுவேன். புது ஆபீசர் வந்து பழைய புத்தகத்தைப் புரட்டினார். தன் மேல் தானே குற்றம் எழுதச் சொன்ன வார்டர் யார் என்று விசாரித்துக் கூப்பிட்டு அனுப்பினார். பிற்பாடு நிரந்தரமும் ஆனேன்.

பாய் மௌத்தாகிப் பல வருஷமாகிறது. செய்தி கேட்டு லப்பைக்குடிகாட்டுக்குப் போனேன். துபாயிலிருந்து வந்திருந்த மகன், அத்தாவை எப்படிப் பழக்கம் என்று மரியாதையாகக் கேட்டார். ஜெயிலில் பழக்கம் என்றேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் யாருக்கும் அவர் அங்கே என்ன செய்தார் என்று சரியாகத் தெரியவில்லை. இப்போதும் சிறைகளுக்குப் பார்வையாளர்கள் போகிறார்கள். பேப்பரில் போட்டோ வருகிறது. வரிசையாக அதிகாரிகள், நடுவில் சால்வை, கைதிகளுக்குக் குறை ஏதும் இல்லை என்று செய்தி. படிக்கும்போதெல்லாம் அந்தக் குறை இல்லை என்ற பதிலை யார் சொன்னார்கள், கைதி சொன்னாளா, வாசலில் நின்ற என்னைப் போல ஒருத்தி சொன்னாளா என்று கேட்கத் தோன்றும்.

நான் அவரை நினைக்கும்போது அந்தப் பிற்பகலைவிட, அதற்கு அடுத்த வாரம் வந்த நாளைத்தான் அதிகம் நினைக்கிறேன். அன்றைக்கு அவர் பானையைத் திறக்கவில்லை, போர்வையைத் தொடவில்லை. நேராகப் பெண்கள் அறை வாசலுக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். பால் வந்துவிட்டதா என்றார். எனக்குப் பதில் தெரியும். பிள்ளை வந்த மூன்றாம் நாளே சுரக்க ஆரம்பித்துவிட்டது. என் கண்ணால் பார்த்தவள் நான். சொல்வதற்கு வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. வாசற்படியிலிருந்து இறங்கி, சுவரோரமாகத் தள்ளி நின்றுகொண்டேன். அவரும் காத்திருந்தார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. நான் வழக்கமாக நிற்கும் வாசற்படியில் அவள் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"வந்துடுச்சுங்க. வயிறு நெறைய குடிக்கிறான்."